சிவப்புக் கோடு பார்க்கக் கொழும்புக்குப் போனது

தோணியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனவர்கள் எங்கள் தூத்துக்குடியில் நிறைய உண்டு. வேறு சாமான் கொண்டு போனவர்களும் உண்டு, அவர்கள் பெயர் இங்கே வேண்டாம். கண் தெரியவில்லை என்று காட்டுவதற்காகக் கொழும்புக்கு அழைக்கப்பட்டவன் நான் ஒருவன்தான்.

கண் தெரியவில்லை என்றதும் குருடன் என்று நினைத்துவிட வேண்டாம். உப்பு லாரி ஓட்டியே தலை நரைத்தவன் நான். மைல்கல்லைத் தூரத்திலேயே படித்துவிடுவேன். சிவப்பும் பச்சையும் மட்டும் எனக்கு ஒரே சாமான், இரண்டும் பழைய சாக்கு நிறம். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன். மதுரையில் ஒருமுறை எவனோ புண்ணியவான் சிக்னல் பெட்டியைப் படுக்க வைத்து மாட்டியிருந்தான். பின்னால் வந்த பஸ்காரன் இறங்கி வந்து என் தாயாரைப் பற்றி விசாரிக்கும் வரை நான் நகரவில்லை. லைசென்ஸ் எடுத்தபோது டாக்டர் தலையைத் தூக்காமலே, "ரெண்டு கண்ணும் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

என் தங்கச்சியைக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரருக்குக் கட்டிக்கொடுத்தோம். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் இசக்கிமுத்து அங்கே வாடகைக்குக் கார் ஓட்டுகிறான். இசக்கி என்ற பெயர் கொழும்பு வாயில் நுழையாது, அதனால் முத்து. வடக்கே சண்டை மும்முரமாக நடந்த காலத்தில் ஒருநாள் அவனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, உங்களுக்குச் சிவப்பு பச்சை தெரியாதுதானே?"

"அதைக் கேக்கதுக்கா கடல் தாண்டிப் போன் போடுத?"

"வெள்ளவத்தையில ஒரு சேர், கார்ல வைக்கிற ரோடு காட்டுற மிசின் செய்றாரு. கலர் தெரியாத டிரைவர் ஒராள் வேணுமாம், பார்த்துச் சொல்ல. நீங்க வாங்க." சார் என்பது கொழும்பு வாயில் சேர்.

"ஏல, உனக்குந்தான் தெரியாது. நீயே சொல்லேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "லைசென்ஸ் போயிரும் மாமா. நான் மூணு மாசமா அந்த மிசினோடதான் ஓடுறேன். எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்துட்டேன்."

இதுதான் விஷயம். லைசென்ஸுக்குப் போன அன்று, புள்ளிக்குள் நம்பர் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தை, முன்னால் போய் வந்தவனிடம் வரிசையாகக் கேட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்தவன் அவன். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, தெரிந்த தொழில் ஸ்டியரிங் ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மிசின் பிழையாகவே காட்டிக்கொண்டிருக்கும். நான் ஸ்டியரிங்கை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது, எனக்குப் போவதற்கு எதுவும் இல்லை. என் கண்ணும் அவன் கண்ணும் ஒரே அச்சு. எனக்குத் தெரியாதது அவனுக்கும் தெரியாது. ஆகவே அவனுடைய குறையை நான் போய் என்னுடையது என்று சொல்ல வேண்டும். பெட்டியைக் கட்டினேன்.

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வருவதற்குள் பல தடவை இறங்கி ஏறினேன். ராணுவத்தை அங்கே ஆமி என்கிறார்கள். ஆமிக்காரன் கயிறு கட்டி மறித்து, டிக்கியைத் திற, பையைத் திற, ஆளைத் திற. நம் ஊர் டோல்கேட்டில் காசு கேட்பான், இங்கே பெயர் கேட்கிறான். காசு கொடுப்பது சுலபம். "நீங்க வாயைத் திறக்காதீங்க மாமா, உங்க தமிழ் வேற மாதிரி இருக்கு" என்றான் முத்து. இந்தத் தமிழ் வேறு, அந்தத் தமிழ் வேறு என்று துப்பாக்கி வைத்திருப்பவனுக்குப் பாடம் எடுக்க நேரமில்லையாம்.

வீட்டுக்குப் போனதும் சாப்பாடு போடவில்லை. பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். யார் வந்து தங்கினாலும் பதிய வேண்டுமாம். சைக்கிளுக்கு நம்பர் போடுவது மாதிரி என்னை எழுதிக்கொண்டார்கள். "உறவு?" என்று கேட்டார்கள். "தாய்மாமன்" என்றேன். எழுதிக்கொண்டவர் அதைச் சிங்களத்தில் ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார். எங்கள் ஊரில் அந்த உறவைச் சொல்லிக்கொள்ள ஒரு தட்டு நிறையச் சீர் வைக்க வேண்டும்.

முத்துவின் மனைவி மல்லிகா முறைப்படி என்னைப் பெரியப்பா என்பாள். பாண் என்று அங்கே சொல்லும் பிரெட்டும் தேங்காய்ச் சம்பலும் மீன் குழம்பும் வைத்தாள். சம்பல் செக்கச்செவேல் என்று இருக்கும் என்பார்கள். உறைப்புத்தான் எனக்குச் சிவப்பு. அப்படிப் பார்த்தால் அது நல்ல சிவப்பு.

"மீன் எப்படி பெரியப்பா?"

"கொஞ்சம் பழசோ?"

"கேளுங்க உங்க மருமகனை. மீன் சந்தைக்குப் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவாராம். பார்த்து என்னத்தைக் கண்டாரு? காலையில செத்ததும் போன கிழமை செத்ததும் இவருக்கு ஒண்ணுதான்."

"மோந்து பாக்கணும்ல" என்றேன். முத்து தலையைக் குனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான். இவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மீன்காரனுக்கும் தெரிந்திருக்கும். லைசென்ஸ் கொடுத்தவனுக்கு மட்டும் தெரியக்கூடாது.

மறுநாள் வெள்ளவத்தை. காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியின் இரண்டு பக்கமும் புடவைக் கடை, நகைக் கடை, சைவக் கடை. ஒவ்வொரு சந்தின் கடைசியிலும் கடல் தெரிகிறது, கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ரயில் ஓடுகிறது. சுற்றிலும் தமிழ், ஆனால் எல்லாரும் கோயிலுக்குள் பேசுவது மாதிரி மெதுவாகப் பேசினார்கள். சத்தம் போடாத தமிழ்க் கூட்டத்தை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். சைவக் கடையில் ஒருவர் போனில், "ஓம், ஓம், பிறகு கதைப்பம், இஞ்ச ஆக்கள்" என்றார். ஆட்கள் என்றது என்னைத்தான். வாயில் இடியப்பத்தை வைத்துக்கொண்டு நான் என்ன ஒற்று வேலை பார்க்க முடியும்?

மிசின் செய்கிறவர் பெயர் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் படித்தவர், நாற்பது வயது இருக்கும். ஒரு சந்தில் மாடி அறை. சிங்கப்பூர்க் கம்பனி ஒன்றுக்காக இந்த மிசினைச் செய்கிறார். நெரிசலான ரோடு சிவப்பு, காலியான ரோடு பச்சை. நிறம் தெரியாத டிரைவர்களுக்கும் ஒத்துவர வேண்டும் என்று கம்பனிக்காரன் சொல்லிவிட்டானாம்.

"ஐயா, உங்களுக்கு எல்லாம் கறுப்பு வெள்ளையாத்தான் தெரியுமோ? நாய் பாக்கிற மாதிரி?"

"நாய் என்ன பாக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி. நீங்க லண்டன்ல கேட்டீங்களோ?"

அவர் நல்ல மனுஷன், சிரித்தார். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று கொழும்பு மேப். இன்னொன்று, அதே மேப் என் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு விசேஷக் கணக்குப் போட்டு மாற்றியதாம். என் கண்ணை எனக்கே காட்டுகிறார்.

"வித்தியாசம் விளங்குதோ ஐயா?"

உற்றுப் பார்த்தேன். "ரெண்டும் ஒண்ணுதானே தம்பி."

அவர் மேசையில் ஒரு அடி அடித்தார். "அப்ப என்ர கணக்குச் சரி!"

வேலை சரியாக இருக்கிறது என்பதை, வேலை தெரியாதவனை வைத்து நிரூபித்த ஆளை அன்றுதான் பார்த்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு விளக்கமும் சொன்னார். "இது தாய் வழியா வாறது. உங்கட சகோதரியின்ர ஆம்பிளைப் பிள்ளையளுக்கும் இருக்கலாம்." சொல்லிக்கொண்டே முத்துவைப் பார்த்தார்.

"எனக்கில்ல சேர்!" என்றான் முத்து. எழுந்து போய்ப் படங்களுக்கு முன்னால் நின்றான். "அடேயப்பா, என்ன வித்தியாசம்! இது எங்க, அது எங்க!" அவன் விரலை அங்கேயும் இங்கேயும் ஆட்டிய வேகத்தில் எது எங்கே என்று அவனுக்கே தெரியாது. நான் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம் கேட்டேன். இந்த ஊரில் நெரிசலை எப்படி அளக்கிறீர்கள்? அளக்கவில்லையாம். அதற்கான ஏற்பாடு இங்கே இல்லையாம். அதனால் பாதுகாப்புக்காக மூடிய ரோடுகளைச் சிவப்பாகப் போட்டு வைத்திருக்கிறார்.

"சோதிக்கிறதுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது ஐயா. விடிஞ்சா ஒரு ரோட்டு மூடி இருக்கும். முத்துதான் ஒவ்வொரு நாளும் எனக்கு அறிவிக்கிறவர்."

படித்தவர் சந்தோஷமாகச் சொன்னார். ஆமி மூடிய ரோடெல்லாம் அடையாளம் போட்ட மேப் ஒன்று, தமிழன் ஓட்டும் காரில், கண்ணாடிக்குக் கீழே ஜோராக ஒட்டியிருக்கிறது. இப்படி ஒரு பிழையைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டும்.

என் யோசனையையும் சொன்னேன். "கலரை நம்பாதீங்க தம்பி. போகக்கூடாத ரோட்டுல குறுக்க குறுக்கக் கோடு போடுங்க, முள்ளுக்கம்பி மாதிரி. போற ரோட்டைத் தடியாப் போடுங்க. சிக்னல்ல மேல கீழ பாத்துத்தான் நாங்க பொழைக்கோம்."

"அது வடிவா இராது ஐயா. சிங்கப்பூர்க்காரன் துப்புரவா இருக்க வேணும் எண்டுறான். சிவப்பைக் கொஞ்சம் கடுமையாக்கி, பச்சையை வெளிறப் பண்ணியிருக்கிறன். நாளைக்கு ஓடிப் பாப்பம்."

மூன்றாம் நாள் ஓடிப் பார்த்தோம். முத்து ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், சிவநேசன் பின்னால். மிசினுக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இங்கிலீஷில் வழி சொல்வாள். கொட்டாஞ்சேனை என்பதை அவள் ஏதோ மருந்தின் பெயர் மாதிரி சொல்வதை நான் ரசித்துக்கொண்டிருந்தேன். கலர் மட்டும் பார்க்க வேண்டும் என்று அவள் வாயை அடைத்துவிட்டார் சிவநேசன். ஊர்ப் பெயரெல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் எனக்கு எதுவும் புரியவில்லை. மிச்சம் இருந்தது கோடு.

"முத்து, பழக்கத்தில ஓடக் கூடாது. மிசின் காட்டுறபடிதான் ஓட வேணும், விளங்குதோ?" என்றார். பழக்கத்தில்தான் அவன் இத்தனை நாள் உயிரோடு இருந்தான். எந்த ரோட்டில் எந்த முகம் நிற்கும், முன்னால் போகிற பஸ் எங்கே திரும்பும், எல்லாம் அவன் மனப்பாடம். சரி சேர் என்றான்.

கொட்டாஞ்சேனையைத் தாண்டித் துறைமுகப் பக்கம் ஒரு சந்தி. அங்கே ரோடு இரண்டாகப் பிரிந்தது. சிவநேசன் பின்னால் போனில் சிங்கப்பூரோடு பேசிக்கொண்டிருந்தார். வெயில் நேரே ஸ்கிரீனில் அடித்தது.

"மாமா, எது?" என்று உதடு அசையாமல் கேட்டான் முத்து.

"எனக்கென்ன தெரியும்? வெளிறினது எதுன்னு பாரு."

"ரெண்டும் வெளிறித்தான் இருக்கு."

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். இடது பக்கக் கோடு கொஞ்சம் வெளிறினதாக எனக்குப் பட்டது. விரலைக் காட்டினேன். திரும்பினான்.

விசில் சத்தம் கேட்டது. பிறகு ஓடி வரும் பூட்ஸ் சத்தம். எங்கள் மூன்று பேரையும் இறக்கிக் கையைத் தூக்கச் சொன்னபோது, காருக்குள்ளே ஸ்கிரீன் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கி பிடித்தவனுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் கையும் நடுங்கியது. நடுங்குகிற கையில் துப்பாக்கி இருந்தால் நாம் நடுங்கக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

ஒரு பொலிஸ் அறையில் உட்கார வைத்தார்கள். வெளியே பெஞ்சில் ஏற்கெனவே எங்களை மாதிரி நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் மட்டும் என்னைப் பார்த்து, "எப்ப பிடிச்சவங்கள்?" என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். "நான் போன சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அன்று வியாழன்.

ஸ்டேஷன் பெரியவர் வந்தார். தொந்தியும் பிளேன்டீயுமாக, அவசரமில்லாத ஆள். சிங்களத்தில் கேட்டார், முத்து எனக்குத் தமிழில் சொன்னான். முதலில் சிவநேசனிடம்: யாருக்காக எங்கள் ரோட்டிலெல்லாம் சிவப்புக் கோடு போட்டாய்?

சிவநேசன் எழுந்து நின்று, லண்டன், சிங்கப்பூர், நெரிசல், நிறக்குறைபாடு எல்லாம் தமிழில் சொன்னார், முத்து சிங்களமாக்கினான். கடைசியில், "இந்தச் சிவப்புக் கோட்டால ஆக்கள் மூடின ரோட்டுக்குள்ள போகாம இருப்பினம்" என்று முடித்தார்.

பெரியவர் ஒரு வாய் தேநீர் குடித்தார். "அப்படியானால் நீங்கள் ஏன் போனீர்கள்?"

நியாயமான கேள்விதான். போகக்கூடாது என்று சிவப்பு போட்டிருக்கிறது. போட்டவர் காரில் இருக்கிறார். நேரே அந்தச் சிவப்புக்குள் போயிருக்கிறார்கள். நான் பொலிஸாக இருந்தாலும் விடமாட்டேன்.

எழுந்தேன். "ஐயா, நான்தான் வழி காட்டினவன். எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது. தப்பு என் மேல." முத்து அதைச் சொன்னான். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டார். முத்து மேசையைப் பார்த்தான்.

"என்னல கேக்காரு?"

"கிழவனுக்குத் தெரியாது, சரி. ஓட்டினவனுக்கும் கண் இல்லையா, அவன் சிவப்பைப் பார்த்திட்டு ஏன் திருப்பினான்னு கேக்குறாரு மாமா."

தன்னைப் பற்றிய கேள்வியைத் தானே மொழிபெயர்த்துவிட்டு நின்றான். அவன் லைசென்ஸ் மேசை மேலே கிடந்தது. சொன்னால் அது போகும். சொல்லாவிட்டால் பெஞ்சில் இருந்த மனுஷனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. சிவநேசனுக்கும் சேர்த்து. நான் சொல்லியிருக்கலாம். அது என்னுடைய லைசென்ஸ் இல்லை.

"மட்டத் பேன்னே நே, சேர்" என்றான் முத்து. பிறகு என்னைப் பார்த்துத் தமிழிலும் சொன்னான். "எனக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டேன் மாமா."

சிவநேசன் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்த பார்வையை எந்த மிசினும் காட்டாது.

பெரியவர் நம்பவில்லை. ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார், உள்ளே மேப்பில் குத்துகிற குண்டூசிகள், கலர் கலராகத் தலை. முத்துவை வெளியே அனுப்பிவிட்டு, சிவப்பை மட்டும் பொறுக்கு என்று என்னிடம் சைகை காட்டினார். மஞ்சளையும் நீலத்தையும் ஒதுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கலந்தார். முத்துவைக் கூப்பிட்டார். அவனும் மஞ்சளையும் நீலத்தையும் ஒதுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் அள்ளிக் கொடுத்தான். ஒரு ஊசி கூட மாறவில்லை. தங்கச்சி இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள்.

பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அறைக்குள் இருந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். இது என்ன கலர், அது என்ன கலர் என்று தொப்பியைக் காட்டினான் ஒருவன், பேனாவைக் காட்டினான் இன்னொருவன். ஒருவன் வெற்றிலை போட்ட நாக்கை நீட்டிக் காட்டினான். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் பிழையாகச் சொல்லச் சொல்ல, பிழைத்தோம். எவ்வளவு பிழையோ அவ்வளவு விடுதலை. என் வாழ்நாளில் இந்தக் கண்ணுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

மூன்று பேரையும் விட்டார்கள். மிசினுக்குள் இருந்த சிவப்பையெல்லாம் அவர்கள் முன்னாலேயே அழிக்க வைத்தார்கள். இந்த நாட்டு ரோட்டை இனி அடையாளம் போடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். முத்துவின் லைசென்ஸைப் பெரியவர் தன் மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். அதில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை.

வெளியே வந்ததும் சிவநேசன் கேட்டார். "முத்து, மூண்டு மாசமா எல்லாம் சரி எண்டெல்லோ எழுதித் தந்தனீ?"

"சொல்லியிருந்தா லைசென்ஸ் போயிருக்கும் சேர்."

"இப்ப?"

"இப்ப போயிட்டுது சேர்."

பெஞ்சில் இருந்தவரை நான் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு எல்லா நிறமும் தெரியும் போலிருக்கிறது, அங்கேயே இருந்தார்.

அன்று மல்லிகா சமைக்கவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. முத்து கார் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினான், எடுத்தான், திரும்ப மாட்டினான். "ஓட்டத் தெரியாம லைசென்ஸ் போகல பெரியப்பா, தெரியாததைச் சொல்லித்தான் போச்சு" என்றாள் அவள். நான் காட்டிய விரலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால் அது இன்னும் என் கையிலேயே இருக்கிறது.

ஊருக்குத் திரும்பும் நாளில் சிவநேசன் தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். மிசினும் இருந்தது. நான் சொன்னபடியே குறுக்குக் கோடு போட்டிருந்தார், முள்ளுக்கம்பி மாதிரி. மூடிய ரோடு ஒன்றும் அதில் இல்லை. சோதனைக்காகச் சும்மா கற்பனையாகச் சில நெரிசலைப் போட்டிருந்தார். பிழையாகத் திரும்பினால் யாரும் துப்பாக்கி நீட்டாத சிங்கப்பூருக்கு அது போகும். பிழையாகத் திரும்பக் கூடாத ஊரில் அதற்குத் தடை.

சிவநேசன் படுமோசமாக ஓட்டினார். கியரை மாற்றுவதற்கு முன்னால் அதனிடம் அனுமதி கேட்பவர் மாதிரி. பக்கத்தில் முத்து உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான். "இடது பக்கம் குறுக்க வெட்டியிருக்கு சேர், நேரா விடுங்க. அடுத்ததுல வலது." ஒன்று கூடத் தவறவில்லை.

"சேர் தன்னோடயே வேலைக்கு இருக்கச் சொல்றார் மாமா, ஸ்கிரீன் பார்க்க" என்று தலையைத் திருப்பாமல் என்னிடம் சொன்னான்.

"போறியா?"

"போகாம?"

கடைசி செக்பொயிண்டில் ஆமிக்காரன் குனிந்து சிவநேசனின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். சிவநேசன் கிளட்சை விட்ட விதத்தில் கார் துள்ளி நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக ஹார்ன். மறுபடி ஸ்டார்ட் செய்து, துள்ளி, முன்னால் நின்ற லாரியை நோக்கிப் போனோம். பின்சீட்டிலிருந்து நான் பார்த்தேன். முத்துவின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது, கால்மிதி சுருண்டு போகிற அளவுக்கு.